வெள்ளிக்கிழமை, மூன்று மணி

கிச்சனரில் ஒரு இரண்டாம் மாடி.
கீழே டிராம் பனியைக் கீறிக்கொண்டு போகிறது.
மேசையில் ஐந்து பேர், ஆறிப்போன கோப்பி,
சுவரில் நான் செய்த அட்டவணை:
அடையாள அட்டை, மருந்து, வேலை, வதிவிடம்.
நாலு கட்டங்கள். நாலும் நீலம்.
நீலம் என்றால் 'பரிசீலனையில்'.

ரொக்சான் கடைசியாக வந்தாள்.
வந்தவள் கதவுக்கு வெளியே நின்றாள்.
கதவு பூட்டியிருக்கவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகளைத் தொங்கவிட்டு
யாரோ திறக்கும்வரை
நிற்கப் பழகிய நிற்றல்.
ஒன்பது வருடம் உள்ளே, பதினாலு மாதம் வெளியே.
நான்தான் எழும்பிப் போய்த் திறந்தேன்.
"சொறி," என்றாள்.

திட்டத்தை வாசித்தோம்.
தன்னம்பிக்கைப் பயிற்சி பன்னிரண்டு வாரம்.
கோபத்தைக் கையாளல் எட்டு.
சுயவிபரம் எழுதும் பட்டறை, அதாவது
காணாமற்போன வருடங்களை
மறைக்காமல் மறைப்பது எப்படி என்று.
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்
டோனட் பெட்டியில் எதை எடுப்பதென்று தெரியாமல்
ஒன்றையும் எடுக்காமல்.

பிறகு சொன்னாள்:
என்னை விட்டது ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.
கையில் கடதாசிப் பை, அதற்குள்
ஜூலையில் பிடிபட்டபோது போட்டிருந்த செருப்பு.
அன்றைக்கு ஜனவரி.
அட்டை எடுக்கிற கந்தோர் நாலரைக்குப் பூட்டும்,
பஸ் வந்தது நாலே முக்காலுக்கு.
மருந்துச் சீட்டு இருந்தது. கடைக்காரன் அட்டை கேட்டான்.
தங்குமிடத்தில் திங்கள் வரச் சொன்னார்கள்.
மனப்பாடமாய்த் தெரிந்தது ஒரேயொரு தொலைபேசி இலக்கம்.
அந்த இலக்கத்துக்காகத்தான்
நான் உள்ளுக்கே போனது.

எடுத்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
நிதிப் பொறுப்பு நீல் பேனையை மூடினார், திரும்பத் திறந்தார்,
"அறுபத்தைந்து மணித்தியாலம்," என்றார்
கணக்குச் சரிவந்த குரலில்.

எனக்கு மட்டும் தமிழில் ஓடியது.
விடுதலை என்ற சொல்லை
ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவள் நான்.
அதற்கொரு கிழமை உண்டென்று,
மணி உண்டென்று, ஒருநாளும் நினைத்ததில்லை.
இலக்கண வகுப்பில் சொன்னது வேறு:
விடு என்ற வினை முதலெழுத்து நீண்டால் வீடு.
குறில் நெடிலாக ஒரு மாத்திரை போதும்,
கண்ணிமைக்கும் நேரம்.
இங்கே அந்த ஒரு மாத்திரை
வெள்ளி பின்னேரம் தொடங்கித்
திங்கள் காலை வரைக்கும் நீளுகிறது.

விடுகிற நாளை மாற்றச் சட்டம் இல்லை.
கந்தோரைத் திறந்துவைக்கக் காசு இல்லை.
தன்னம்பிக்கையில் நாலு வாரம் குறைத்தோம்.
மத்தியானச் சாப்பாட்டை வெட்டினோம்.
பனிச்சப்பாத்து இருபது சோடி என்று எழுத
நீல் பதினைந்து என்றார்.
"கால் அளவை ஆரிட்டக் கேட்டனீங்கள்?" என்றாள் ரொக்சான்.
ஒருவரிடமும் கேட்கவில்லை.

வெள்ளி இரவுக்கு ஓர் ஆள் வேண்டும்.
எல்லோருக்கும் வெள்ளி இரவில் ஒரு காரணம் இருந்தது.
எனக்கு மகளின் நீச்சல் வகுப்பு.
உண்மைதான், ஆனாலும் சொன்ன பிறகு
மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"நான் இருக்கிறன்," என்றாள்.

இருட்டியபின் கீழ்க் கதவின் சாவியைக் கொடுத்தேன்.
படிவத்தில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன்,
மறந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.
உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தாள்.
பூட்டில் போட்டாள். திருப்பினாள். அசையவில்லை.
அந்தப் பழைய நிற்றல்
அவள் தோளில் ஏறுவதைக் கண்டேன்.
"உடைச்சுப்போட்டனோ?"

இல்லை, குளிருக்கு இறுகும்.
கைபிடியைக் கொஞ்சம் உன் பக்கம் இழுத்துப் பிடி.
பேந்து திருப்பு.